கொடைக் கணக்கில் பாட்டுக்கு ஒரு வரி

கன்னியாகுமரி மாவட்டத்துக் கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டிக்காரர்களுக்கும், ஆலயத் திருவிழாக் குழுவினருக்கும், மைக் செட் வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும், மொபைல் கடை நடத்தும் தம்பிமாருக்கும் வணக்கம்.

போன கொடைக்கு எங்கள் ஊர்க் கமிட்டி அச்சடித்துக் கொடுத்த வரவு செலவு நோட்டீஸ் இப்போது என் மேசையில் இருக்கிறது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடும் தலைக்கட்டு வரி எவ்வளவு பிரிந்தது என்பதில் தொடங்கி, பந்தல், தோவாளையில் எடுத்த பூ, வாழைக்குலை, சாமியாடிகளுக்கு எடுத்த பட்டு, வெடி, மைக் செட், ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல் என்று எல்லாம் வரி வரியாக இருக்கிறது. சுத்தமான கணக்கு. வாங்கிய தீப்பெட்டிக்கும் கணக்கு உண்டு. ஆனால் மூன்று நாளும் விடியற்காலை ஐந்து மணி முதல் அந்தக் குழாய் ஸ்பீக்கரில் பாடிக்கொண்டே இருந்தார்களே, அவர்களுக்கு மட்டும் அந்தக் காகிதத்தில் இடமில்லை. ஏன் என்று செயலாளரிடம் கேட்டேன். "பாட்டுக்கு என்ன செலவு? அது சும்மா பென் டிரைவில் வந்தது" என்றார். நல்ல மனிதர், ஊர்ப் பணத்தில் ஒரு டீ கூடக் குடிக்காதவர். அவருக்கே அப்படித் தோன்றுகிறது என்பதால்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2009 முதல் திங்கள்சந்தையில் ஒரு சின்ன மொபைல் கடை வைத்திருந்தேன். பலகையில் ரீசார்ஜ், கவர், சார்ஜர் என்று எழுதியிருக்கும். உண்மையில் கடை வாடகையைக் கொடுத்தது பாட்டு ஏற்றும் வேலைதான். 2 ஜிபி மெமரி கார்டு நிறைய ஏற்ற 30 ரூபாய். படம் வேண்டுமென்றால் தனி. விடியற்காலையில் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் பழைய பாட்டாகக் கேட்பார்கள். கல்ஃபுக்குப் புறப்படும் பையன் விமானத்துக்கு முந்தின நாள் வந்து நிற்பான். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் ஆள்கள் வருவார்கள். கரையை விட்டால் முப்பது, நாற்பது நாள் கடலில் கிடக்க வேண்டியவர்கள். "எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு ஏத்து தம்பி" என்பார்கள். கம்ப்யூட்டரில் அந்தப் பச்சைக் கோடு நிறைந்து முடியும் வரை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் நான் தப்பு செய்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கிற மாதிரிதான் இருந்தது.

அந்தக் காலத்து நியாயமும் கொஞ்சம் உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஒரிஜினல் சிடி வேண்டுமென்றால் நாகர்கோவிலுக்கு பஸ் ஏற வேண்டும். போனாலும் கேட்ட பாட்டு கிடைக்காது. நெட் விலையில் ஒரு பாட்டை இறக்குவதற்குள் ரீசார்ஜ் தீர்ந்துவிடும். கேட்க ஆசை, வாங்க வழியில்லை. அந்த இடைவெளியில்தான் என்னைப் போன்ற கடைகள் முளைத்தன.

அப்புறம் 2013 வாக்கில் ஒரு நாள் வில்லுப்பாட்டுப் புலவர் ஒருவர் கடைக்கு வந்தார். பக்கத்து ஊர் அக்கா. பேர் வேண்டாம். சின்ன வயதில் ஆசானிடம் பின்பாட்டுக்குச் சேர்ந்து, பிறகு வில்லை அடிக்கும் வீசுகோலைத் தன் கையில் வாங்கிக் குழு நடத்துகிறவர். "பாட்டு ஏத்துற பையனுக்குப் பாட்டுப் பதியத் தெரியாதா?" என்று கேட்டார். எனக்கும் ஆசைதான். வீட்டுப் பின்னறையில் சுவர் முழுக்கக் கயிற்றுப் பாயைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு மைக் வாங்கி ஆரம்பித்தோம்.

அந்த நாட்களை நான் மறக்க மாட்டேன். ஆடி மாதம், சாரல் விடாது பெய்கிறது. ஓட்டின் மேல் மழைச் சத்தம் விழுந்தால் பதிவு கெட்டுவிடும். மழை விடும் வரை காத்திருந்து, விட்டதும் பாட ஆரம்பித்தால் மெயின் ரோட்டில் கடைசி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போகும். குடம் இன்னொரு சோதனை. குடத்தின் வாயில் மட்டையால் அடித்தால் நெஞ்சுக்குள் இறங்குகிற ஒரு சத்தம் வரும் அல்லவா, அது பதிவில் வெறும் 'டொப்' என்று விழுந்தது. மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தோம், கீழே இறக்கினோம், குடத்துக்கு அடியில் வைக்கோல் புரிமணையை மாற்றினோம். குடம் அடிக்கிற பெரியவர் அறுபதைத் தாண்டியவர். ஒரே இடத்தைப் பதினேழு தடவை அடித்தார். முகம் கோணவில்லை. நாலாவது நாள் நடுராத்திரியில்தான் அந்தச் சத்தம் அப்படியே பிடிபட்டது. ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இதுதான் எனக்க குடம்" என்றார்.

அக்காவும் குழுவில் எல்லாரும் கையிலிருந்ததைப் போட்டு, பத்தாததுக்கு ஒரு வளையலை வைத்து, 500 சிடி அடித்தோம். அடுத்த கொடைகளில் மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு பெஞ்ச் போட்டு விற்பது என்று திட்டம். நூற்றுச் சொச்சம் விற்றது. அதற்குள் அந்தப் பாட்டு மெமரி கார்டுகளில் வந்துவிட்டது. எந்தக் கடையில் முதலில் பிரித்து ஏற்றினார்களோ தெரியாது. எந்தக் கடையாக இருந்தாலும் அது என் கடை மாதிரி ஒரு கடை. அந்தத் தொழிலை எனக்குத் தெரியும், ஒரு சிடியைப் பிரித்து எம்பி3 ஆக்க ஐந்து நிமிடம் போதும்.

ஒருவர் கார்டில் இருந்த அந்தப் பாட்டின் விவரத்தை என் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு வெப்சைட்டின் பெயர். ஆல்பம் பெயர் இருக்க வேண்டிய இடத்திலும் அதே வெப்சைட். அக்கா பெயர் இல்லை, குடம் அடித்தவர் பெயர் இல்லை, ஊர் பெயர் இல்லை. பணம் போனதைக் காட்டிலும் அது எனக்கு வலித்தது. ஏனென்றால் நான் ஏற்றிக் கொடுத்த ஆயிரக்கணக்கான பாட்டுகளிலும் அதே மாதிரி வெப்சைட் பெயர்தான் இருந்தது. ஒருநாளும் நான் கவனித்ததில்லை.

அதற்கும் அடுத்த வருடம் நடந்ததைத்தான் கமிட்டிக்காரர்களான உங்களிடம் சொல்ல வேண்டும். வருடா வருடம் அக்கா குழுவைக் கூப்பிடும் ஒரு கோயிலில், அந்த வருடம் வரி சரியாகப் பிரியவில்லை என்று வில்லுப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். அக்கா வருத்தப்படவில்லை, ஊர் நிலைமை அவருக்குத் தெரியும். சாமி கும்பிட்டு வரலாம் என்று சாமக் கொடைக்குப் போனார். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது குழாயில் அவர் குரல் கேட்டது. மைக் செட் பையன் பென் டிரைவைச் சொருகி, வில்லுப்பாட்டு இருக்க வேண்டிய நேரத்துக்குச் சரியாக அந்தப் பதிவைப் போட்டிருந்தான். கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் கடைக்கு வந்து, சண்டை போடாமல், ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார்:

"எனக்க சத்தமே எனக்க சோத்துல மண்ணப் போட்டுட்டு, பாத்தியா மக்ளே."

நான் பதிந்து கொடுத்த சத்தம் அது. அந்த வாரத்தோடு பாட்டு ஏற்றுவதை நிறுத்தினேன்.

நிறுத்தியதற்குச் சட்ட பயம் காரணமில்லை. சட்டம் தெரிந்துகொண்டது பிறகுதான். காப்புரிமைச் சட்டம் 1957-லேயே வந்தது. மற்றவர் உரிமையுள்ள பாட்டை அனுமதியில்லாமல் பிரதி எடுத்து விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அதன் 63-வது பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் 2004 முதல் வீடியோ திருட்டுக்குக் குண்டர் சட்டமும் பாயும். தியேட்டரில் படத்தைப் பதிவு செய்வதற்கு 2023-ல் மத்திய அரசு இன்னும் கடுமையாகத் திருத்தம் கொண்டுவந்தது. இதையெல்லாம் சொல்லி உங்களை மிரட்ட எனக்கு விருப்பமில்லை.

அதோடு, உங்களுக்குச் சாதகமாக ஒரு விஷயம் சட்டத்தில் இருக்கிறது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். மத சம்பந்தமான சடங்கின்போது பாட்டு ஒலிக்கச் செய்வது காப்புரிமை மீறல் ஆகாது என்று 52-வது பிரிவு விலக்குக் கொடுக்கிறது. கல்யாண ஊர்வலமும் அதில் சேரும். அதனால் கொடையில் பாட்டுப் போட்டார்கள் என்று கமிட்டித் தலைவரைப் போலீஸ் பிடிக்கும் என்றெல்லாம் யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். ஒலிக்க விடுவதற்குத்தான் விலக்கு. திருட்டுப் பிரதியை இறக்கிக் கார்டில் ஏற்றி விற்ற என் வேலைக்கு அந்த விலக்கு இல்லை. ஆனால் உங்களிடம் நான் பேச வந்தது சட்டம் விட்டுவைத்த அந்த இடத்தைப் பற்றித்தான். போலீஸ் வராது, சரி. அக்காவுக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா?

இதைப் பேசும்போதெல்லாம் எனக்கு வரும் பதில்கள் சில உண்டு. "காப்பி எடுத்தால் அசல் குறையுமா? தோப்பில் தேங்காய் பறித்தால்தான் ஒன்று குறையும்" என்பார்கள். உண்மைதான். அதனால்தான் கேட்பவனைப் பார்த்துத் திருடன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கடலில் நாற்பது நாள் கிடந்து பாட்டுக் கேட்டவரைத் திருடன் என்று சொல்ல நான் யார்? ஆனால் அசல் குறையவில்லை என்பதால் எதுவும் குறையவில்லை என்று ஆகாது. அக்காவுக்கு அந்த வருடம் ஒரு மேடை குறைந்தது. குடம் அடித்த பெரியவருக்கு ஒரு ராத்திரிச் சம்பளம் குறைந்தது. அடுத்த சிடி போடுவோம் என்ற எண்ணம் அடியோடு போயிற்று. அந்தக் குழுவிடம் இன்னும் நாலு கதைகள் இருந்தன, அவை பதியப்படவே இல்லை. குடம் அடித்த பெரியவர் இன்று உயிரோடு இல்லை. அந்த நாலு கதையில் அவர் கை இனி விழாது.

"சுடலைமாடன் கதை யார் சொத்து? ஊர்ச் சொத்துதானே?" என்று இன்னொருவர் கேட்டார். நல்ல கேள்வி. கதை எல்லாருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் பாடலாம், பாட வேண்டும். ஆனால் அந்தக் கதையை அக்கா பாடிய பாட்டு அவர் உழைப்பு. சட்டமும் அதைப் பிரித்தே பார்க்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, மேடையில் பாடுகிறவரின் நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் உரிமை அவருக்கே உண்டு, அவர் சம்மதமில்லாமல் பதிந்து பரப்பக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? இப்போது கொடையில் முன்வரிசை முழுக்க செல்போன். ராத்திரி முழுவதும் பாடியதை அப்படியே பிடித்து, காலையில் யூடியூபில் தன் சேனலில் போட்டுவிடுகிறார்கள். விளம்பரப் பணம் வந்தால் சேனல்காரருக்கு. தலைப்பில் கோயில் பெயர் இருக்கும், சேனல் பெயர் இருக்கும், குழுவின் பெயர் பல வீடியோவில் இருக்காது. ஆர்வத்தில் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆர்வத்தில்தான் நானும் செய்தேன்.

பாட்டு பரவலாகக் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. தேரூர்க் கவிமணி 1954-ல் மறைந்தார். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு ஆனால் உரிமை முடிகிறது, அதனால் அவர் பாட்டு இன்று எல்லாருக்கும் சொந்தம். எடுத்துப் பாடுங்கள், மெட்டுப் போடுங்கள், பள்ளிக்கூட விழாவில் போடுங்கள், யாரும் கேட்க முடியாது. இசைத்தட்டுப் பதிவும் வெளிவந்து 60 ஆண்டு தாண்டினால் அப்படித்தான். பாரதி பாட்டுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். இசைத்தட்டில் பாடும் உரிமை ஏவி.எம். கையில் இருந்தது. அதைப் பொதுவாக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சேர்ந்து கேட்டது. 1949-ல் அரசு அந்த உரிமையைப் பெற்றது. மெய்யப்பச் செட்டியார் பணம் வாங்காமல் கொடுத்தார், பாரதி குடும்பத்துக்கு அரசு பணம் கொடுத்தது. பாரதி பாட்டு பொதுவானது அப்படித்தான், கேட்டும் கொடுத்தும். அப்போதும் குடும்பத்தின் பங்கை யாரும் மறக்கவில்லை.

வில்லுப்பாட்டுக்குள்ளும் இந்த மரியாதை இருந்திருக்கிறது. அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆசானிடம் இருந்த கதை நோட்டு அவருக்குச் சும்மா கிடைக்கவில்லை. இரண்டு கொடைக் காலம் கூடப் பாடி, பிறகு வெற்றிலை பாக்கும் வேட்டியும் வைத்துக் கேட்ட பிறகுதான் பெயர்த்து எழுத ஆசான் சம்மதித்தாராம். இன்றும் மேடையில் கதை தொடங்குமுன் அந்த ஆசான் பெயரைச் சொல்லி வணங்கிவிட்டுத்தான் அக்கா வீசுகோலைத் தொடுகிறார். எம்பி3-யில் இருந்து வெட்டி எறியப்பட்டது அந்த வணக்கமும்தான். ஆறு நிமிடப் பாட்டாக நறுக்கியவர்கள் முதலில் கழித்தது அதைத்தான்.

சினிமாப் பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். "கோடி கோடியாகச் சம்பாதிக்கிறார்கள், நம்ம 30 ரூபாயிலா குறையப் போகிறது" என்ற பேச்சை என் கடையில் தினமும் கேட்டேன். கோரஸ் பாடியவரும் தவில் வாசித்தவரும் கோடீஸ்வரர்கள் இல்லை. பாட்டு எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதை அவர்களிடமிருந்து எழுதி வாங்கிவிட முடியாது என்று 2012 திருத்தம் வந்ததே, அதுவரை பலர் கையெழுத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு போனதால்தான். இன்று ஜியோ வந்த 2016-க்குப் பிறகு நெட் விலை எங்கே இறங்கிவிட்டது! விளம்பரத்தோடு இலவசமாகவே கேட்கப் பல ஆப் இருக்கிறது. அப்படிக் கேட்டால் சின்னத் தொகையாவது உரியவர் பக்கம் போகும். நாகர்கோவிலுக்கு பஸ் ஏற வேண்டிய காலத்து நியாயத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் என் கவலை சினிமாவில் தொடங்கவில்லை. நம் ஊர்ப் பதிவுகளில் தொடங்குகிறது. வில்லுப்பாட்டு மட்டும் இல்லை. கிறிஸ்தவ ஆலயங்களின் பங்குத் திருவிழாவுக்குப் பாடல் எழுதி, கடன் வாங்கிப் பதிவு செய்த பாடகர் குழுக்கள் எத்தனை இருக்கின்றன! கொடியேற்றிய நாளிலிருந்து பத்து நாளும் அந்தப் பாட்டு ஒலிக்கும், வாட்ஸ்அப்பில் எல்லாப் பங்குக்கும் போய்விடும், எழுதியவர் கீபோர்டு வாங்கிய கடனை இன்னும் கட்டிக்கொண்டிருப்பார். கலைவாணர் பிறந்த மாவட்டம் இது. வில்லுப்பாட்டை நாடே அறியச் செய்தவர் அவர். அந்தக் கலையில் இன்று இருக்கும் குழுவுக்கு ஒரு பென் டிரைவ் அளவுக்கு மரியாதை கூட நாம் கொடுக்காமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கமிட்டிக்காரர்களே, உங்களிடம் கேட்பது பெரிய தொகை இல்லை. அடுத்த கொடைக்குப் பட்ஜெட் போடும்போது பூவுக்கும் டீசலுக்கும் நடுவில் "பாட்டு" என்று ஒரு வரி எழுதுங்கள். ஐந்நூறோ ஆயிரமோ ஊர் முடிவு செய்யட்டும். உள்ளூர்க் குழுவின் பதிவைப் போடுவதாக இருந்தால் அந்தக் குழுவைக் கேட்டு, அவர்கள் கையாலேயே பிரதியை வாங்கி, அந்தத் தொகையைத் தாம்பூலத்தோடு கொடுங்கள். குழுவை மேடைக்குக் கூப்பிட முடியாத வருடத்தில் பதிவைப் போடுவது என்றால் அதையும் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுங்கள். கோயில் வாசலில் நின்று அவர்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

மைக் செட் அண்ணன்மாரே, எந்தெந்த ஊரில் எந்தப் பாட்டு ஓடுகிறது என்பது உங்கள் பென் டிரைவில்தான் இருக்கிறது. பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை மைக்கை எடுத்து, "பாடுவது இன்னார் குழு, இன்ன ஊர்" என்று சொல்லுங்கள். நன்கொடை ஐம்பது ரூபாய் கொடுத்தவர் பெயரை வீட்டுப் பெயரோடு மூன்று தடவை சொல்கிறோம் அல்லவா, அந்தக் குரலிலேயே சொல்லுங்கள். மொபைல் கடைத் தம்பிமாரே, கார்டில் ஏற்றும் வேலை இப்போது குறைந்துவிட்டது என்றாலும் டெலிகிராமில் இருந்து இறக்கிக் கொடுக்கிற வேலை நடப்பது எனக்குத் தெரியும். வாடகை கட்ட வேண்டிய கஷ்டமும் தெரியும். நம் மாவட்டக் குழுக்களின் பாட்டை மட்டுமாவது விட்டுவிடுங்கள் என்று முதலில் கேட்கிறேன். மற்றதைப் பிறகு உட்கார்ந்து பேசலாம், கடைக்கு வருகிறேன்.

பழைய கேசட், இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பெனி மூடிப்போன, எங்கும் கிடைக்காத வில்லுப்பாட்டுப் பதிவு உங்கள் பரணில் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். பூசணம் பிடித்த டேப்பைக் கூட ஓரளவு மீட்க முடியும். பாடியவரின் பிள்ளைகளைத் தேடிக் கேட்டுவிட்டு அதை மாற்றி வைக்க நான் கூட நிற்கிறேன், கூலி வேண்டாம்.

இதை எழுதுவதற்கு முன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். பேர் போடாததற்குச் சிரித்தார். வசதியில்லாத சின்னக் கோயில் என்றால் பணம் வேண்டாம், கேட்டால் போதும், தானே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். விற்காமல் மிஞ்சிய சிடிகள் இன்னும் அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. இப்போது சிடி போட யாரிடமும் மிஷின் இல்லை என்பதால் அதன் அசல் பதிவை என் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறேன். ஆசான் வணக்கம் முழுதாக இருக்கிறது, எல்லார் பெயரும் இருக்கிறது, குடம் அடித்த பெரியவர் பெயர் முதலில். அடுத்த ஆடிக் கொடைக்கு வேண்டுமென்பவர்கள் அக்காவிடம் சொல்லிவிட்டு வெறும் பென் டிரைவோடு வாருங்கள்.

இப்படிக்கு,
திங்கள்சந்தையில் முன்பு பாட்டு ஏற்றிக் கொடுத்தவன்